பச்சை அட்டையும் மருந்து அட்டையும்

எங்கள் வீட்டில் அதற்கு எண்ணெய் என்று பெயர். "எண்ணெய் போட்டாச்சா?" என்று நான் கேட்பேன். "ஆச்சு" என்பார் என் கணவர். கஞ்சா என்ற சொல்லை அவர் என் காதுபட ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பாளையங்கோட்டையில் வளர்ந்து, காப்பியைத் தவிர வேறு பழக்கம் எதுவும் இல்லாமல் ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு அது போலீஸ்காரர்களோடும் பேருந்து நிலையத்துப் பின்சந்தோடும் சேர்ந்த சொல். டாக்டர் சொன்ன ஆங்கிலப் பெயரும் அவர் வாயில் வரவில்லை. கையடக்கமான ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டி, அதற்கு ஒரு சொட்டுக்குழல், நாக்குக்கு அடியில் விட்டுக்கொள்ள வேண்டிய கசப்பான எண்ணெய். ஆகவே எண்ணெய்.

நான் நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே கையெழுத்துப் போட்டால் பக்கத்திலேயே தேதியும் போட வேண்டும். தேதி இல்லாத கையெழுத்து செல்லாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் எது எப்போது நடந்தது என்று வாக்குவாதம் வந்தால் கடைசியில் என்னிடம்தான் வருவார்கள். இதையும் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் யார் மேலாவது பழி விழுந்துவிடும்.

கோவிட் அடங்கிக்கொண்டிருந்த குளிர்காலத்தில் அவருக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. முள்ளெலும்புகளுக்கு இடையே தட்டு விலகியது சரியாயிற்று, ஆனால் நரம்பு ஏற்கனவே நசுங்கிவிட்டிருந்தது. இடது தொடையிலிருந்து கணுக்கால் வரை கொதிக்கிற வெந்நீரை ஊற்றியதுபோல வலி. உட்கார்ந்தால் இன்னும் கூடும். ஒரு மாத்திரை வாந்தி எடுக்க வைத்தது. இன்னொன்று மூளையை மந்தமாக்கி, கம்ப்யூட்டர் வேலையில் அவரே எழுதிய நிரலை அவருக்கே புரியாமல் ஆக்கியது. பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்திய மூன்றாவது மாத்திரையை அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எண்ணெயை மருந்தாக வாங்க மாநில அரசு தரும் மருத்துவ அட்டையைப் பற்றி டாக்டர் பேசியது மார்ச் மாதம் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது தவறு. ஏப்ரல்தான். ஈஸ்டர் ஆராதனையில் என் கணவர் பாதியிலேயே எழுந்து போய்க் காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டார். அதற்கு அடுத்த வாரம். எங்கள் மாநிலத்தில் இருபத்தொரு வயது நிரம்பிய யாரும் அதை அட்டை இல்லாமலே கடையில் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டதும் அதே மாதம்தான். சர்ச் பாடகர் குழுவில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் சென்னை நண்பர் இதைச் சொல்லிச் சிரித்தார்.

"என்ன சார் நீங்க, ஊரே க்யூல நின்னு ஜாலியா வாங்கிட்டுப் போவுது. உங்களுக்கு மட்டும் எதுக்கு கார்டு, டாக்டர், போட்டோ எல்லாம்? கல்யாணத்துக்குப் பத்திரிகை வேணும், பந்தில உக்கார எதுக்கு சார் பத்திரிகை?"

"டாக்டர் எழுதித் தந்தாத்தான் அது மருந்து. இல்லன்னா அது வேற" என்றார் என் கணவர். "கவர்மெண்டுக்குத் தெரிஞ்சு செஞ்சா பெறகு பயமே இல்ல பாருங்க."

அவர் நம்பியது அதைத்தான். நானும் நம்பினேன். அரசாங்கம் தந்த அட்டை, அரசாங்கம் கேள்வி கேட்காது. இந்த நாட்டில் அரசாங்கம் ஒன்றல்ல, இரண்டு என்பதைப் பள்ளிக் குழந்தைகூடச் சொல்லும். அந்த வசந்தத்தில் எங்களுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

அட்டை வாங்குவது எளிதாகவே இருந்தது. அதற்கென்று பதிவு செய்துகொண்ட டாக்டர் ஒருவர் பழைய பரிசோதனைகளைப் பார்த்து, தீராத நரம்பு வலி என்று உறுதி செய்தார். முகவரிச் சான்று, புகைப்படம், ஒரு கட்டணம். மே மாதக் கடைசியில் அட்டை தபாலில் வந்தது. மருந்தை எப்படிக் கையாள்வது என்பதை நான் எடுத்துக்கொண்டேன். அது என் தொழிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவருடைய மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் டாக்டரிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் சொல்லி, எதனோடு சேரக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். மிகக் குறைந்த அளவில் தொடங்கினோம். போட்ட நாளில் காரை எடுக்கக் கூடாது. புட்டி அதன் சொந்தப் பெட்டியிலேயே, மேலே ஒட்டிய சீட்டோடு, பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் கழித்து, "ஒண்ணும் தெரியலயே, இன்னும் கொஞ்சம் விடட்டா?" என்று கேட்டார். "பேசாம இருங்க. இது காப்பி இல்ல" என்றேன்.

ஜூன் நடுவில் ஒரு சனிக்கிழமை நான் கடையிலிருந்து வந்தபோது சமையலறையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்கார்ந்து. நான் பையைக் கீழே வைக்காமலே நின்றேன். "என்ன பாக்க? கீரை ஆயத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார். வலி போய்விடவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ சத்தம் போடுவதுபோலத் தள்ளிப் போயிருக்கிறது என்று சொன்னார்.

அவர் அம்மா இறந்தது அதற்கு முந்தைய ஆண்டு. மாமா, அதாவது அவர் அப்பா, பாளையங்கோட்டை வீட்டில் தனியாக இருந்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்போது எழுபத்தெட்டு வயது. இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர். சுற்றுலா விசாவில் வருவோருக்கான காப்பீடு அதையெல்லாம் ஏற்றுக்கொள்ளாது. நிரந்தரமாக எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஒரே வழி: மகன் அமெரிக்கக் குடிமகனாகி அப்பாவை அழைப்பது. டெக்சஸில் காப்பெல்லில் இருக்கும் கொழுந்தன் இன்னும் க்ரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறான். க்ரீன் கார்டு கையில் இருந்தும் குடியுரிமைக்கு எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த நாங்கள் இருவரும் அந்த அக்டோபரில் சேர்ந்து விண்ணப்பித்தோம்.

கிறிஸ்துமஸுக்குக் காப்பெல் போனோம். புட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார். எங்கள் மாநில அட்டைக்கு டெக்சஸில் மதிப்பில்லை, விமானத்தில் கொண்டுபோகவும் கூடாது. அந்த நாட்கள் முழுவதும் ஒத்தடப் பையை வைத்துக்கொண்டு சமாளித்தார். கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, ஒரு சின்ன பாட்டிலு. ஷாம்புவோட ஷாம்புவா வச்சுக் கொண்டாந்தா எவன் பாக்கப் போறான்?"

"சட்டம்னா சட்டம்தாம்ல."

"மைனி, இவன் ஆளே இல்லாத ரோட்டுல ஸ்டாப் சைனப் பாத்து, நிறுத்தி, மூணு வரைக்கும் எண்ணிட்டுப் போற ஆளு. இவனக் கெட்டிக்கிட்டு எப்படித்தான் இருக்கியளோ!"

அன்று மாலை எல்லோரும் சேர்ந்து மாமாவோடு வீடியோவில் பேசினோம். வந்தால் மாடி ஏற வேண்டாம், கீழ் அறை தயார் என்று என் கணவர் அறையின் அளவைக்கூடச் சொன்னார். "சரில, சரி. எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்" என்றார் மாமா. "அங்க பனி பெய்யுதாமே, அதுல நம்ம வேட்டி தாங்குமா?" எல்லோரும் சிரித்தோம்.

குடியுரிமைக்கான நேர்காணல் அடுத்த ஆண்டு ஜூன் மாதம். ஒரே நாளில் இருவருக்கும். நேர்காணல் என்றால் நம் ஆட்கள் கோப்பு தயாரிப்பார்கள். இதை வேறு நாட்டுக்காரர்கள் இந்த அளவுக்குச் செய்வார்களா என்று தெரியவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் வாழ்க்கையில் அரசாங்கம் நம்மிடம் கொடுத்த அத்தனை தாளும் அதில் இருக்க வேண்டும். பாடகர் குழு நண்பர்தான் தூண்டிவிட்டார். "ஒண்ணையும் விடாதீங்க சார். எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு வருஷ டாக்ஸ் பேப்பர வீட்ல வச்சுட்டுப் போயிட்டார். ஆறு மாசம் அலைய விட்டான்." திருமணச் சான்றிதழ், பள்ளி இறுதிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், தடுப்பூசி அட்டை எல்லாம் ஆண்டு வரிசையில் ஏறின. அட்டைகளுக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பேஸ்பால் வீரர் படங்களைச் சேர்க்கும் பிள்ளைகளுக்காக, ஒரு பக்கத்துக்கு ஒன்பது பைகள் வைத்த கண்ணாடித் தாள் கடையில் விற்கும். அதில் ஓட்டுநர் உரிமம், க்ரீன் கார்டு, காப்பீட்டு அட்டை, நூலக அட்டை என்று ஒவ்வொன்றாகச் செருகினார். எட்டுப் பை நிறைந்தது. ஒன்பதாவது காலியாக இருந்தது. காலியிடம் அவருக்குப் பிடிக்காது. மருத்துவ அட்டையை அதில் செருகினார்.

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று சொன்னேன்.

என் நேர்காணல் சீக்கிரம் முடிந்தது. கார் நிறுத்துமிடத்தில் நிழலாக ஒரு மரத்தடியில் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவர் வந்தார். முகத்தில் கவலை ஒன்றும் இல்லை.

"எப்படிப் போச்சு?"

"நல்லாத்தான் போச்சு. கேள்வி எல்லாத்துக்கும் கரெக்டா சொல்லிட்டேன். ஆபீசர் நல்ல பொம்பள. மரியாதையாப் பேசுச்சு. மருந்தப் பத்திகூட வெசாரிச்சுது."

"எந்த மருந்தப் பத்தி?"

"எண்ணெயப் பத்தித்தான். எப்பருந்து எடுக்கிய, எவ்வளவு, எங்க வாங்குதியன்னு."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லைசென்ஸ் கேட்டாங்க. நான் அந்த ஷீட்டோட நீட்டுனேன். இது என்ன கார்டுன்னு கேட்டாங்க. எல்லாம் சட்டப்படி, டாக்டர் மேற்பார்வைல, தினமும் எடுக்கேன்னு விளக்கமாச் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. எழுதுனத எங்கிட்டயே வாசிக்கக் குடுத்து கையெழுத்துக் கேட்டாங்க."

"போட்டீங்களா?"

"பின்ன? தேதியும் போட்டேன். நீதான் சொல்லுவியே."

அவர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பசிக்கிறது, போகிற வழியில் தோசை சாப்பிடலாமா என்று கேட்டார். சாப்பிட்டோம். எனக்கு மட்டும் எங்கோ ஏதோ தவறிவிட்டது என்று தோன்றிக்கொண்டிருந்தது. எதுவென்று அன்று தெரியவில்லை.

எனக்கு ஜூலையிலேயே ஒப்புதல் வந்தது. அவருடைய கடிதம் ஆகஸ்டில் வந்தது. மறுத்திருந்தார்கள். எடிசன் நகரில் இருந்த குடியுரிமை வக்கீல் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து, குழந்தைகளுக்குச் சொல்வதுபோல மெதுவாக ஆங்கிலத்தில் விளக்கினார். மாநிலம் அனுமதித்ததை நாடு அனுமதிக்கவில்லை. குடியுரிமை கொடுப்பது நாடு. நாட்டின் சட்டப்படி அவர் ஓராண்டுக்கு மேலாகத் தினமும் குற்றம் செய்ததாகத் தானே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். டாக்டர் சொன்னார் என்பது அங்கே பதில் ஆகாது. இனி அதைத் தொடவே கூடாது. கடைசியாக எடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு கழித்து மறுபடி விண்ணப்பிப்பதே பாதுகாப்பு. அதுவரை வெளிநாடு போகவும் வேண்டாம். போவதில் சிக்கல் இல்லை. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் இதே கையெழுத்தைக் காட்டி உள்ளே விடாமல் நிறுத்தலாம்.

"என் அப்பாவைப் பார்க்கப் போக முடியாதா?" என்று கேட்டார் அவர்.

போகாமல் இருப்பது நல்லது என்றார் வக்கீல். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர்போல மேசையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

செப்டம்பரில் நான் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். குடிமகளுக்குப் பெற்றோரை அழைக்கும் உரிமை உண்டு. என் பெற்றோர் இருவரும் இல்லை. மாமனாரை அழைக்க அந்தச் சட்டத்தில் இடம் கிடையாது.

கடிதம் வந்த அன்றே அவர் எண்ணெயை நிறுத்திவிட்டார். புட்டியில் பாதி மிச்சம் இருந்தது. அப்படியே குப்பையில் போட்டால் வேறு யார் கையிலாவது கிடைக்கும் என்று, பயன்படுத்திய காப்பித்தூளோடு கலந்து, பையில் கட்டி, சீட்டில் இருந்த பெயரைக் கறுப்பு மையால் அடித்துக் குப்பையில் சேர்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்துக்குள் வலி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. புதிதாக ஒரு மாத்திரையும், ஊசியும், தண்ணீருக்குள் நடக்கும் பயிற்சியும் முயன்றோம். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உதவின. அந்த ஜூன் மாதச் சனிக்கிழமையைப்போல எதுவும் உதவவில்லை.

மாமாவிடம் காரணத்தைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார். "விண்ணப்பத்துல ஒரு சிக்கல், கொஞ்ச நாள் ஆகும்னு சொல்லு, போதும். அந்த வார்த்தை அப்பா காதுல விழக் கூடாது." கொழுந்தனுக்கும் அதே கட்டளை.

செய்தி வேறு திசையில் பரவியது. எப்படி என்று தெரியாது. பாடகர் குழு நண்பர் வாய் சும்மா இருக்காது. அடுத்த ஆண்டிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. எங்கள் ஊரான மான்மவுத் ஜங்ஷனிலேயே, இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள்கூட நேரில் வராமல் போனில்தான் கேட்பார்கள். அட்டை எப்படி வாங்குவது? அலுவலகத்துக்குத் தெரியுமா? ரத்தப் பரிசோதனையில் காட்டுமா? அது கலந்த ஒரு மிட்டாய் போட்டால் எவ்வளவு நேரத்தில் பிடிக்கும்? ஒருவர், ஒன்று போட்டு முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யவில்லையே என்று இரண்டாவதையும் போட்டிருந்தார். பிறகு இரண்டும் சேர்ந்து வேலை செய்து, மாலை முழுவதும் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டிக்குப் போன் போடு, ஆன்ட்டிக்குப் போன் போடு" என்று புலம்பியிருக்கிறார். "அவருக்கு ஆன்ட்டி நீங்கதாங்க" என்றார் அவர் மனைவி. சாப்பிடுகிற வகைக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும், காத்திருக்க வேண்டும் என்றேன். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் எனக்கல்ல, அவசர உதவிக்குத்தான் போன் போட வேண்டும் என்றும் சொன்னேன்.

கலிபோர்னியாவில் சான் ரமோனிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். அவள் அம்மா ஹூஸ்டனில் தங்கை வீட்டில் இருந்தார், கீமோ நடந்துகொண்டிருந்தது.

"அக்கா, அம்மா ரசம் சாதம்கூட எறங்கலேங்கறாங்க. இங்க நம்ம தெருமுனைலயே கடை இருக்கு. அந்த மிட்டாய் நாலஞ்சு வாங்கி, மைசூர்பாகு டப்பால போட்டு கூரியர் பண்ணிடட்டுமா?"

"பண்ணாதம்மா. ஒரு ஸ்டேட்லேர்ந்து இன்னொரு ஸ்டேட்டுக்கு அனுப்பறதே குத்தம். அதுவும் டெக்சஸ். வாங்கிக்கற உன் தங்கச்சி மாட்டிப்பா. அம்மா எந்த விசால இருக்காங்க?"

"விசிட்டர்தான். ஏன்க்கா, அதுக்கும் இதுக்கும் என்ன?"

ஏன் என்று சொன்னேன். என் வீட்டில் நடந்ததை முழுவதும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அளவுக்குச் சொன்னேன். வாந்திக்கு வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன, அம்மா சாப்பிடவில்லை என்பதை முதலில் புற்றுநோய் டாக்டரிடம் தெளிவாகச் சொல்லட்டும், குமட்டலை நம் அம்மாக்கள் டாக்டரிடம் சொல்வதே இல்லை என்றேன்.

"கரெக்ட்க்கா. டாக்டர் கேட்டா 'ஐ ஆம் ஃபைன்'ங்கறாங்க. எங்ககிட்டதான் அழறாங்க" என்றாள் அவள்.

இப்படி யார் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் மாமா மகனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். முதலில் ஞாயிறு தோறும் அரை மணி நேரம் பேசுவார். பிறகு பத்து நிமிடம். "எப்பம்ல வார?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் கேட்பதை நிறுத்தினார். ஒருமுறை கொழுந்தனிடம், "ஒங்கண்ணன் பெரிய மனுசன் ஆயிட்டாம்ல. அம்மா செத்தப்ப கோவிட்டுன்னு வரல. இப்ப என்ன சாக்கு வச்சிருக்கான்னு தெரியல" என்றாராம். கொழுந்தன் அதை எனக்குச் சொன்னான். நான் அவரிடம் சொல்லவில்லை.

போன ஆண்டு பிப்ரவரியில் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. திருநெல்வேலியிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. கொழுந்தனின் விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. போனால் திரும்பி வர எத்தனை மாதம் ஆகுமோ. என் கணவர் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்து இரண்டு சட்டைகளை மடித்து வைத்தார். பிறகு அந்தச் சட்டைகளை எடுத்து மறுபடி மாட்டினார். "நீ போ" என்றார்.

நான் போனபோது மாமா வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். வாக்கர் என்கிற நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவருடைய கண் என்னைத் தாண்டி வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தது. "வா எம்மா" என்றார். மகனைப் பற்றி முதல் வாரம் முழுவதும் ஒரு சொல் கேட்கவில்லை. நான் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டார்.

"எம்மா, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. நான் அவனுக்கு என்ன கொற வச்சேன்?"

"மாமா, அப்படி இல்ல."

"பின்ன எப்படி? காசு இல்லாதவனா? லீவு தர மாட்டாங்களா? அப்பன் கால ஒடிச்சிக்கிட்டுக் கெடக்கேன், பொண்டாட்டிய அனுப்புதான். ஒன்னக் கொற சொல்லல. ஆனா அவன் வரணும்லா?"

என்னால் உறுதியைக் காப்பாற்ற முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வலி, எண்ணெய், அட்டை, ஒன்பது பை வைத்த தாள், கையெழுத்து. கஞ்சா என்ற சொல்லையும் சொன்னேன். வேறு சொல் இல்லை. அவர் கஞ்சாவா என்று ஒருமுறை கேட்டார். வேலை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நம்ம பயலா?" என்றார் மாமா. "எதிர்த்த வீட்டு மாமரத்துல காய் பறிச்சிட்டு, ராவெல்லாம் தூங்காம, காலைல போயி திருப்பிக் குடுத்துட்டு வந்தவம்மா அவன்." சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் தலை ஆடிக்கொண்டிருந்தது. "அதக் குடிச்சா வலி கொறஞ்சுதா?"

"நல்லாக் கொறஞ்சுது மாமா. உக்காந்து வேலை பாத்தாங்க."

"பெறகு ஏன் நிப்பாட்டுனான்?"

"உங்களக் கூப்பிடணும்னுதான்."

அவர் நடைச்சட்டத்தின் ரப்பர் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் எப்பம்மா வாரேன்னு சொன்னேன்?"

எனக்குப் புரியவில்லை.

"அவங்கம்மா போன பெறகு அவன் அங்கருந்து அழுதுகிட்டே இருந்தான். வாங்கப்பா, வாங்கப்பான்னான். சரின்னேன். எப்பிடியும் ரெண்டு மூணு வருசம் ஆவும்னு அவந்தான் சொன்னான். அதுக்குள்ள நான் போயிச் சேந்துருவேன், அவனுக்கும் ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன். போயும் சேரல." மறுபடி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நான் அங்க வந்து என்ன செய்ய? எனக்கு வேண்டியதெல்லாம் அவன் வருசத்துக்கு ஒருக்கா வந்து மொகத்தக் காட்டணும். இப்ப அதுவும் போச்சா?"

பிறகு சொன்னார்: "அவன்ட்ட சொல்லு. நான் வரல. மருந்தக் குடிக்கச் சொல்லு. வலியோட கெடக்காண்டாம்னு அப்பா சொன்னார்னு சொல்லு."

நியூவர்க் விமான நிலையத்திலிருந்து வீடு வரும் வழியில் சொன்னேன். அவர் காரை ஓட்டிக்கொண்டே கேட்டார். தான் வாங்கிய உறுதியை நான் மீறியதற்குக் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை.

"அப்பா அப்படித்தான் சொல்லுவாரு" என்றார் கடைசியில். "எனக்கு வலிக்கப்படாதுன்னு, வரப் பிடிக்கலங்காரு."

"இல்லங்க. நிஜமாவே சொன்னாரு. எனக்குத் தெரியும்."

"ஒனக்கு அவரத் தெரியாது."

"சரி, அவர் வர வேண்டாம். அப்ப மருந்த எடுக்கலாம்ல? எதுக்காக நிறுத்தினீங்களோ அதுவே இல்லன்னு ஆயிடுச்சு."

"நான் போகணும்லா?" என்றார். "அவர் வராட்டா நான்தானே போகணும். அதுக்கும் இதுதான் வழி. இப்பத் தொட்டா அஞ்சு வருசக் கணக்கு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

அப்பா, மகன் இரண்டு பேர் சொன்னதும் நியாயம். வக்கீல் சொன்னதும் நியாயம். அந்த அலுவலகத்துப் பெண் செய்ததும் அவள் வேலை. நடந்ததைப் பலமுறை வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டேன். எங்கே கை வைத்தால் மாறியிருக்கும் என்று தேடினால், ஒரு கண்ணாடித் தாளில் காலியாக இருந்த ஒரு பையில்தான் வந்து நிற்கிறேன். அது என் மனதுக்குப் போதவில்லை.

மாமாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. மறுபடி விண்ணப்பிக்க இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. மகன் மேல் இருந்த வருத்தம் போய், ஞாயிறு பேச்சு பழையபடி அரை மணி நேரமாகிவிட்டது. போன ஞாயிறும் பேசினார்கள். அவர் வரவேற்பறையில் ஜன்னல் பக்கம் நின்று போனைக் கையில் பிடித்திருந்தார். நான் சோபாவில் இருந்தேன்.

"மருந்தக் குடிச்சியால?" என்றார் மாமா.

"குடிச்சேம்பா."

"தவறாமக் குடிக்கியா?"

"தினமும் குடிக்கேன்."

"வலி?"

"ரொம்பக் கொறஞ்சிருக்குப்பா."

"பின்ன ஏன்ல நின்னுக்கிட்டே பேசுத? உக்காரு."

"இப்பத்தாம்பா வாக்கிங் போயிட்டு வந்தேன். வேர்த்திருக்கு" என்றார் அவர். போனில் மாமாவுக்குத் தெரிவது நெஞ்சுவரைதான். கீழே, இடது காலைத் தரையில் முழுவதும் ஊன்றாமல், விரல்நுனியில் நிறுத்தி வைத்திருந்தார்.